குட்டியை வாங்கும் முன் தாயைப் பாருங்கள்
நாய்களில் பரம்பரைக் குறைகளும் அவற்றைத் தவிர்க்கும் வழியும்

விருத்தாசலம் வட்டாரத்தில் முந்திரி நடும் உழவர், கன்றின் பசுமையை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. எந்த ரகம், எந்தத் தாய் மரத்திலிருந்து தண்டு எடுத்து ஒட்டியது, எந்த நாற்றங்காலில் வளர்ந்தது என்று கேட்டறிந்த பிறகே பணத்தை எடுக்கிறார். மணிலா விதை வாங்கும்போதும் இதே வழக்கந்தான். ஆனால் ஆட்டுப் பட்டிக்கும் கொல்லைக் காவலுக்கும் நாய்க்குட்டி வாங்கும்போது இந்தக் கேள்விகள் மறந்து போகின்றன. குட்டி வெள்ளையாக இருக்கிறதா, கொழுகொழுவென்று இருக்கிறதா, விலை படிகிறதா என்ற அளவிலேயே வியாபாரம் முடிந்துவிடுகிறது.

நாய் சுமார் 10 முதல் 12 ஆண்டுகள் வரை வீட்டோடு வாழும் பிராணி. அத்தனை ஆண்டுகளும் அதற்குச் சோறும் மருந்தும் தர வேண்டும். வாங்கிய குட்டிக்குக் காது கேட்கவில்லை என்றாலோ, இரண்டு வயதில் பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டாலோ, பட்டியில் இரவுக் காவல் இல்லாமல் போகும். ஒரே இரவில் இரண்டு ஆடுகள் களவு போனால் சிறு விவசாயிக்கு அது அந்த ஆண்டின் வருமானத்தில் விழும் அடியாகும். இக்குறைகளில் பல, குட்டி பிறக்கும் முன்பே பெற்றோரின் தேர்வில் முடிவாகிவிடுபவை. ஆகவே குட்டியைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும், அதை ஈன வைத்தவரைத் தேர்ந்தெடுப்பதே முக்கியமானது.

பரம்பரைக் குறை எது, நோய் எது?

குட்டிக்கு வரும் எல்லாக் கோளாறும் பரம்பரையில் வருவதில்லை. பார்வோ கழிச்சல், டிஸ்டெம்பர், வெறிநோய் ஆகியவை கிருமிகளால் வருபவை, தடுப்பூசியால் தடுக்கலாம். வயிறு உப்பி விலா எலும்பு தெரிவது பெரும்பாலும் குடற்புழுவால் வருவது, மருந்தால் சரியாகும். கால் எலும்பு வளைவது தீனியில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் 'டி'யும் குறைவதாலும் நேரலாம்.

பரம்பரைக் குறை அப்படிப்பட்டதன்று. அது தாய், தந்தையின் மரபணுக்கள் வழியே குட்டிக்கு இறங்குகிறது. அதற்குத் தடுப்பூசி இல்லை. நல்ல தீனியால் சில குறைகளின் கடுமையைக் குறைக்கலாமே தவிர, குறையை எடுத்துவிட முடியாது. பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்தில் இதை விளக்குவது எளிது. பச்சை மண் காயும்போது விழும் மயிரிழைக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. சூளையில் வெந்த பிறகே அது விரிசலாக வெளிப்படும். நாயிலும் பல குறைகள் 2 மாதக் குட்டியில் தெரிவதில்லை. வளர்ந்து, வேலைக்குப் பழகிய பிறகே தெரிகின்றன.

மறைந்து வரும் குறைகள்

முந்திரி ஒட்டுக்கன்று தாய் மரத்தின் நகல் போன்றது. நாய்க்குட்டி அப்படியல்ல. அதன் மரபணுக்களில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. ஆகவே தாயை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்கைத்தான் பார்த்தவர்கள் ஆவோம்.

சில குறைகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் அந்த நாய் நலமாகவே இருக்கும். ஆனால் குறையைச் சுமந்துகொண்டிருக்கும். இப்படிச் சுமக்கும் இரு நாய்களை இணை சேர்த்தால், சராசரியாக 4 குட்டிகளில் 1 குறையுடன் பிறக்கும், 2 குறையைச் சுமக்கும், 1 மட்டுமே முழுவதும் நலமாக இருக்கும். இது சராசரிக் கணக்கு. ஓர் ஈற்றில் ஒரு குட்டிக்கும் குறை வராமல் போகலாம். அடுத்த ஈற்றில் மூன்று குட்டிகளுக்கு வரலாம். "போன தடவை எல்லாம் நன்றாகத்தான் இருந்தன" என்று குட்டி விற்பவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அதை மட்டும் நம்பி வாங்க முடியாது.

லாப்ரடார் இனத்தில் வரும் விழித்திரைத் தேய்வு இதற்கு நல்ல உதாரணம். முதலில் இரவில் பார்வை மங்கும். பிறகு முழுக் குருடாகும். வயது வந்த பிறகே இது வெளிப்படுவதால், அதற்குள் அந்த நாய் பல ஈற்றுகளுக்குத் தாயாகவோ தந்தையாகவோ ஆகிவிட்டிருக்கும். இன்று இரத்தம் அல்லது உமிழ்நீர் மாதிரியைக் கொண்டு மரபணுச் சோதனை செய்து இதை முன்கூட்டியே அறிய முடிகிறது.

நெருங்கிய உறவுக்குள் இணை சேர்ப்பது இத்தகைய குறைகளை வெளியே கொண்டுவரும் குறுக்கு வழி. அண்ணன்-தங்கையாகப் பிறந்த நாய்களையோ, தந்தையையும் மகளையுமோ இணைத்தால், குட்டியின் மரபணு இணைகளில் சராசரியாக 4-இல் 1 பங்கு ஒரே மூதாதையின் ஒரே பிரதியாக அமைந்துவிடும். நல்ல குணம் நிலைப்பது போலவே பழுதும் நிலைத்துவிடும். குட்டிகளின் எண்ணிக்கையும் நோய் தாங்கும் சக்தியும் குறையக்கூடும். ஒரே கிடாவைப் பல ஆண்டுகள் மந்தையில் விட்டு, அதன் மகள்களுக்கே மறுபடி சேரவிட்டால் ஆட்டுக்குட்டிகள் நலிவதை ஆடு வளர்ப்போர் அறிவார்கள். நாய்க்கும் அதே விதிதான்.

ராஜபாளையம் நாய் தரும் பாடம்

தமிழ்நாட்டின் பெயர் பெற்ற நாய் இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை. இவற்றில் ராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. 2020-இல் கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபு வள நிறுவனம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகிய மூன்றையும் நாட்டின் நாய் இனங்களாகப் பதிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரதமரின் வானொலி உரையிலும் நாட்டு நாய் இனங்கள் பேசப்பட்டன. புகழ் பெருகினால் தேவை பெருகும். தேவை பெருகினால் அவசர அவசரமாக ஈன வைப்பவர்களும் பெருகுவார்கள்.

பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமே அசல் ராஜபாளையத்தின் அடையாளம் என்று வாங்குவோர் கேட்கிறார்கள். ஆனால் இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது, நாய் வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்த குறை. இதன் காரணம் நிறத்தோடு தொடர்புடையது. தோலுக்கும் உரோமத்துக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதிலும் உண்டு. ஒலியை உணரும் நுண்ணிய உறுப்பு வாழ்வதற்கு அவை தேவை. நிறமி உயிரணுக்கள் உட்காதுக்குப் போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்த 3, 4 வாரங்களில் அந்த உறுப்பு சிதைந்துவிடும். அதன் பிறகு எந்த மருந்தும் கேட்கும் சக்தியைத் திருப்பித் தராது.

வெள்ளை நாய் எல்லாம் செவிடு என்று இதற்குப் பொருளன்று. கூர்மையாகக் கேட்கும் வெள்ளை நாய்கள் ஏராளம். வெண்மையை மட்டும் பார்த்து, காதைச் சோதிக்காமல் தலைமுறை தலைமுறையாக இணை சேர்ப்பதே தவறு.

வெளிநாட்டு டால்மேஷன் இனத்தில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன் நாய்களில் ஏறத்தாழ 100-க்கு 30 செவித்திறன் குறைந்தவை. அவற்றில் 22 ஒரு காது மட்டும் கேளாதவை, 8 இரு காதும் கேளாதவை. ஒரு காது கேளாத நாய் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்குப் பிறக்கும் குட்டிகளில் செவிடு கூடுதலாக வரும். பிரிட்டனில், காது சோதித்த நாய்களை இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுத்து வந்ததால் செவிட்டுக் குட்டிகளின் விகிதம் குறைந்தது. பெற்றோரைத் தேர்ந்தெடுத்தால் குறையைக் குறைக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

காது கேட்கிறதா என்று சோதிக்கும் முறை

குட்டிக்கு 6 வாரம் ஆன பிறகு இச்சோதனையைச் செய்ய வேண்டும். முதலில் குட்டியை மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனியிடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். கூட்டத்தில் இருந்தால், செவிட்டுக் குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும், குறை தெரியாது.

குட்டியின் கண்ணில் படாமல் பின்னால் நின்று, ஒரு டம்ளரைக் கரண்டியால் மெல்லத் தட்டுங்கள். தரையைக் காலால் உதைக்கக் கூடாது. குட்டிக்கு மிக அருகில் கை தட்டவும் கூடாது. தரை அதிர்வையும் காற்று படுவதையும் செவிட்டுக் குட்டி நன்றாக உணரும். காது கேட்கும் குட்டி செவியை அசைக்கும் அல்லது தலையைத் திருப்பும். இடப்பக்கம், வலப்பக்கம் என மாற்றி மாற்றித் தட்டுங்கள். தூங்கும் குட்டியிடம் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரே ஓசையைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் குட்டிக்குச் சலித்துவிடும் என்பதால் ஓசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இச்சோதனையில் இரு காதும் கேளாத குட்டியைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேளாததை உறுதியாகச் சொல்ல, ஒலி கேட்கும்போது காதிலிருந்து மூளைக்குச் செல்லும் மின் சைகையைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். காவலுக்கு மட்டும் வாங்குபவருக்கு வீட்டுச் சோதனையே பெரும் உதவி. குட்டி ஈன வைக்க எண்ணி வாங்குபவர், கருவிச் சோதனை எங்கே செய்கிறார்கள் என்று கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டிய மற்றக் குறைகள்

இடுப்பு மூட்டுக் குறை: அல்சேஷன், லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் அதிகம். தொடை எலும்பின் தலை, இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் தேயும். உட்கார்ந்து எழச் சிரமப்படுவதும், ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவுவதும் அறிகுறிகள். 2 வயதுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்துத் தாய், தந்தையின் மூட்டை உறுதி செய்யலாம். அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டு முதலே இப்படி எக்ஸ்ரே பார்த்துப் பதிவு செய்யும் அமைப்பு இயங்கி வருகிறது. குட்டியை அளவுக்கு மீறிக் கொழுக்க வளர்ப்பதும் இக்குறையைக் கடுமையாக்கும்.

உடல் முழுவதும் பரவும் டெமோடெக்ஸ் சொறி: இதை உண்டாக்கும் நுண்ணிய உண்ணி, பாலூட்டும் காலத்தில் தாயிடமிருந்து குட்டிக்கு ஒட்டுகிறது. பெரும்பாலான குட்டிகளுக்கு அதனால் தீங்கில்லை. சில குட்டிகளில் மட்டும் உடல் முழுதும் பரவி உரோமம் கொட்டுவதற்கு, பரம்பரையாக வரும் எதிர்ப்புக் குறைவே காரணம் என்று கருதப்படுகிறது. சிகிச்சையால் குணமானாலும், அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

விதை இறங்காமை: ஆண் குட்டிக்கு 8 வாரத்தில் இரு விதைகளும் பையில் தட்டுப்பட வேண்டும். வயிற்றுக்குள் தங்கிவிட்ட விதையில் பிற்காலத்தில் கட்டி வளர வாய்ப்பு அதிகம்.

தொப்புள் குடலிறக்கமும் தாடைக் கோணலும்: குட்டியை மல்லாத்திப் பார்த்தால் தொப்புளில் புடைப்பு தெரியும். வாயைத் திறந்து, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மூச்சுத் திணறல்: பக் போன்ற மூக்கு நசுங்கிய இனங்களில், முகத்தின் அமைப்பே மூச்சுக்கு இடையூறு. கோடை வெயில் கொளுத்தும் நமது வட்டாரத்தில் கொல்லைக் காவலுக்கு இவை சற்றும் ஏற்றவையல்ல.

நல்ல பண்ணையாளரை எப்படி அறிவது?

1. தாயைக் காட்டுவார். தாய் நாய் குட்டிகளோடு இருப்பதை நேரில் பார்க்க வேண்டும். "தாய் ஊரில் இருக்கிறது" என்று சொல்பவரிடமும், சந்தையிலும் சாலையோரத்திலும் கூடையில் வைத்து விற்பவரிடமும் வாங்க வேண்டாம்.

2. தந்தை எது என்று சொல்வார். வேறு ஊர் நாயாக இருந்தால் அதன் உரிமையாளரின் விலாசம் தருவார். தாய்க்கும் தந்தைக்கும் என்ன உறவு என்று கேட்டால் மழுப்ப மாட்டார்.

3. பதிவேடு வைத்திருப்பார். எந்த நாள் இணை சேர்த்தது, எத்தனை குட்டிகள் பிறந்தன, எத்தனை இறந்தன, எத்தனை குறையோடு பிறந்தன என்ற கணக்கு அதில் இருக்கும். "என் நாய்களுக்கு ஒரு குறையும் வந்ததில்லை" என்பவரைவிட, "இரண்டாம் ஈற்றில் ஒரு குட்டி செவிடு; அந்த ஜோடியை நிறுத்திவிட்டேன்" என்பவரே நம்பத் தகுந்தவர்.

4. வயதான நாய்களையும் காட்டுவார். பாட்டி நாய் 8 வயதில் எப்படி நடக்கிறது, பார்வை எப்படி என்று பாருங்கள். பிற்காலத்தில் வெளிப்படும் குறைகளை அறிய இதைவிட எளிய, செலவில்லாத சோதனை இல்லை.

5. ஒன்றிரண்டு இனங்களையே வளர்ப்பார். கேட்ட இனத்தையெல்லாம் நாளைக்கே தருவதாகச் சொல்பவர் வியாபாரி, வளர்ப்பவர் அல்லர்.

6. வாங்குபவரையும் கேள்வி கேட்பார். எங்கே கட்டுவீர்கள், என்ன தீனி தருவீர்கள், எதற்காக வாங்குகிறீர்கள் என்று விசாரிப்பார். குட்டிக்குக் குறை தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதித் தருவார்.

சட்டம் சொல்வது என்ன?

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகளை வெளியிட்டது. இவற்றின்படி நாய்களை ஈன வைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவேடு வைத்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டை நாய்க்கு 18 மாதம் நிறையும் முன்பும், 8 வயதுக்குப் பிறகும் இணை சேர்க்கக் கூடாது. அடுத்தடுத்த இரு பருவங்களில் சேர்க்கக் கூடாது. ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது.

இவ்விதிகள் வாங்குபவருக்கும் பயன்படும் அளவுகோல்கள். 30 நாள் குட்டியை நீட்டுபவர் முதல் விதியிலேயே தோற்றுவிடுகிறார். அவ்வளவு சிறு குட்டியில் காதுச் சோதனையும் நம்பும்படி அமையாது.

உழவரும் பண்ணையாளரே

விலை கொடுத்து இன நாய் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஊரிலேயே காவலில் பெயரெடுத்த நாட்டு நாயின் குட்டி, சிறு விவசாயிக்குப் போதுமானது. பல வழிகளில் கலந்து வந்த நாட்டு நாய்களில், குறுகிய உறவுக்குள் பெருக்கிய இனங்களைப் போல மறைந்த குறைகள் எளிதில் ஒன்று சேர்வதில்லை. அங்கும் தாயைப் பார்க்க வேண்டும், காதைச் சோதிக்க வேண்டும் என்ற விதி மாறாது.

அண்டை வீட்டாருக்குக் குட்டி கொடுக்கும் உழவரும் ஒரு பண்ணையாளரே. பக்கத்து ஊர் நாயோடு தம் நாயை இணை சேர்க்கும் முன், அதன் உடன்பிறப்புகளில் ஏதேனும் செவிடோ நொண்டியோ உண்டா என்று விசாரிக்க வேண்டும். குறையுள்ள நாயை, அழகாக இருக்கிறது என்பதற்காக இணை சேர்க்கக் கூடாது. தேவையில்லாத குட்டிகள் பிறந்து தெருவில் விடப்படுவதைவிட, கால்நடை மருத்துவமனையில் கருத்தடை செய்துகொள்வதே மேல்.

குறையுள்ள குட்டி வந்துவிட்டால்

அதைச் சாலையில் கொண்டுபோய் விடுவது தீர்வாகாது. செவிட்டு நாயும் பாசமுள்ளது. கைச் சாடையால் பழக்கலாம். வண்டி வரும் ஓசை அதற்குக் கேட்காது என்பதால் வேலிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கலாம் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். பட்டிக் காவலுக்குக் காது கேட்கும் வேறொரு நாயைத் துணை சேர்க்கலாம். குறையுள்ள நாய்க்கு அவசியம் கருத்தடை செய்துவிட வேண்டும்.

குட்டி கொடுத்தவருக்கும் குறையைத் தெரிவிப்பது கடமை. சண்டைக்காக அல்ல, அந்த ஜோடியை அவர் மறுபடி சேர்க்காமல் இருப்பதற்காக. செய்தி போய்ச் சேராவிட்டால் அடுத்த ஈற்றுக் குட்டிகள் வேறு விவசாயிகளின் வீட்டுக்குப் போய்விடும்.

நல்ல குட்டி கிடைத்துவிட்டால், 2 வார வயது முதல் குடற்புழு மருந்து தரப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகளையும் 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியையும் போட வேண்டும். வாங்கிய மூன்று நாட்களுக்குள் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. குடலிறக்கமோ விதைக் குறையோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். குட்டியைத் திருப்பித் தரவும் அவகாசம் இருக்கும்.